எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது? கார் கப்பலில் கற்றவை

கார் வாங்கப் போகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது மூன்றே கேள்விகள்தான். மைலேஜ் எவ்வளவு, பவர் எவ்வளவு, சன்ரூஃப் இருக்கிறதா. வண்டியின் எடை எவ்வளவு, அந்த எடை எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். கார் ஏற்றிப் போகும் கப்பல்களில் இன்ஜினியராக வேலை பார்த்ததால் வந்த பழக்கம் இது. சின்ன வயதிலிருந்தே கார் என்றால் உயிர். பிழைப்பு கப்பலில் அமைந்தது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததை இன்றுவரை அதிர்ஷ்டமாகவே நினைக்கிறேன். அங்கே பார்த்ததிலும் படித்ததிலும், நம் ஊர்ச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உதவுகிற விஷயங்களை எழுதுகிறேன்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கார் கப்பல் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கப்பல் மாதிரியே இருக்காது. ஜன்னல் வைக்க மறந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் நிற்பதுபோல இருக்கும். நீளம் கிட்டத்தட்ட 200 மீட்டர், அகலம் 32 மீட்டர், உள்ளே பன்னிரண்டு பதின்மூன்று தளங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து டிரெய்லரில் வந்து யார்டில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளை டிரைவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, கப்பலின் பின்பக்கம் இறக்கியிருக்கும் ராம்ப் வழியாக உள்ளே ஓட்டி வருவார்கள். வாட்ச், அதாவது என் வேலை முறை, முடிந்த பிறகு, தூங்கப் போகாமல் மேலே ஏறி இதை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒருவர் முன்னால் நின்று விசில் ஊதிக் கையைக் காட்டுவார். முன் வண்டியின் பம்பருக்கும் பின் வண்டியின் பம்பருக்கும் நடுவே 30 சென்டிமீட்டர். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர். அவ்வளவுதான் இடைவெளி. ஹேண்ட்பிரேக், கியர், சாவி வண்டிக்குள்ளேயே. ஓட்டி வந்தவர்களை ஒரு வேன் அள்ளிக்கொண்டு மறுபடி யார்டுக்குப் போகும். பின்னாலேயே வண்டிகளைக் கட்டிவைக்கும் லேஷிங் ஆட்கள் குனிந்தபடி வருவார்கள். வண்டிக்கு நாலு பெல்ட், ஒரு முனை வண்டியின் அடியிலுள்ள கொக்கியில், மறுமுனை தளத்திலுள்ள துளையில். இழுத்து இறுக்கிவிட்டு, பெல்ட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்வார்கள். ஆயிரக்கணக்கான வண்டி, ஒவ்வொன்றுக்கும் அந்தத் தட்டு உண்டு.

இந்தக் கப்பல்களின் கொள்ளளவை எண்ணுவதற்கு ஒரு அளவுகோல் உண்டு: 1966-ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோனா ஆர்டி43. நீளம் 4.125 மீட்டர், அகலம் 1.55 மீட்டர். 6,500 கார் கப்பல் என்றால் 6,500 கொரோனா பிடிக்கும் என்று அர்த்தம். இன்றைக்கு ஏறுகிற எஸ்யூவிகள் அதைவிட நீளம், அதைவிட அகலம், எடையும் கூடுதல். அதனால் ஏட்டில் இருக்கும் எண்ணிக்கையில் வண்டி ஏறாது. ஆனால் ஏறியதன் மொத்த எடை கூடியிருக்கும். கார்கள் பெருத்துக்கொண்டே போவதைச் சாலையில் பார்ப்பதைவிடக் கப்பலுக்குள் பார்த்தால்தான் உறைக்கும்.

பவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெரிய கப்பல் இன்ஜினைப் பார்த்தவனுக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2006-இல் கடலுக்கு வந்த எம்மா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பலில் 14 சிலிண்டர் இன்ஜின். ஒரு சிலிண்டரின் விட்டம் 96 சென்டிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 2.5 மீட்டர். ஆள் நேராக உள்ளே நின்றுகொள்ளலாம். மொத்தம் 80,080 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 1,09,000 குதிரைத்திறன். சுழல்வதோ நிமிடத்துக்கு 102 முறைதான். கியர்பாக்ஸ் கிடையாது, கிளட்ச் கிடையாது. இன்ஜின் சுற்றினால் புரொப்பெல்லரும் சுற்றும். பின்னால் போகவேண்டுமா, இன்ஜினை நிறுத்தி எதிர்த்திசையில் ஓட்டவேண்டும்.

இதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ராட்சத பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8.5 மீட்டர். உங்கள் ஹேட்ச்பேக்கில் பிஸ்டன் தூரம் 80 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 3,000 ஆர்பிஎம்மில் அதன் பிஸ்டன் வேகம் நொடிக்கு 8 மீட்டர். ஜிஎஸ்டி ரோட்டில் நிதானமாகப் போகும் சின்னக் காரின் பிஸ்டனும், உலகின் மிகப்பெரிய இன்ஜின்களில் ஒன்றின் பிஸ்டனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. உலோகமும் எண்ணெயும் வெகுநாள் தாங்குகிற வேகம் அது. 6,000-க்கு விரட்டினால் இரட்டிப்பாகிறது. எப்போதாவது சரி, எப்போதும் வேண்டாம். கப்பல் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே சிலிண்டரைச் சுற்றும் தண்ணீரைச் சூடாக்கி, எண்ணெயை ஓடவிட்டு வைப்போம். குளிர்ந்த இன்ஜின்மேல் சுமையை ஏற்றுவதைப் பாவமாக நினைக்கும் தொழில் இது. காரில் அவ்வளவு வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்தில் உறுமவிடாமல், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும்.

ஆனால் அந்த 1,09,000 குதிரையையும் கப்பலின் மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். சரக்கோடு சேர்த்தால் டன்னுக்கு ஒரு குதிரைகூட வராது. நம் ஊர்ச் சாதாரணக் காரில் டன்னுக்கு எண்பது தொண்ணூறு இருக்கிறது. உலகத்தைச் சுற்றி வருவதற்கு டன்னுக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அதனால்தான் பவர் பற்றிய கேள்வி என்னை அசைப்பதில்லை. கப்பலைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் எடை, அந்த எடை இருக்கும் உயரம்.

நான் தூத்துக்குடிக்காரன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவன். கனமானது அடியில், இலேசானது மேலே என்பதைப் படிக்காத தோணிக்காரரும் சொல்வார். சரக்கு குறைவாக இருந்தால் அடிபாரம் போட்டுத்தான் கிளம்புவார்கள். கார் கப்பலில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகிறது. தண்ணீருக்குக் கீழே இருப்பது ஒன்பது பத்து மீட்டர்தான். மேலே நிற்பது அதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சரக்கு பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். அதை ஈடுகட்டுவது அடியிலுள்ள பேலஸ்ட் தொட்டிகளில் நிரப்பும் கடல்நீரும், எரிபொருள் தொட்டிகளில் இருக்கும் எண்ணெயும்தான். எந்தத் தொட்டியில் எவ்வளவு, எந்தத் தளத்தில் எத்தனை டன் என்று சீஃப் ஆஃபீசர் கணக்குப் போட்டு, கப்பல் சாய்ந்தால் மறுபடி நிமிருமா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கிளம்பிய பிறகு கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹோக் ஒசாகா என்ற கார் கப்பல் சாட்சி. 2015 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பியது. வழக்கமாக ஜெர்மன் துறைமுகங்களுக்குப் போய்விட்டுக் கடைசியாக சவுத்தாம்ப்டன் வரும். அந்தமுறை வரிசை மாறி, சவுத்தாம்ப்டன் முதலில் வந்தது. மேல்தளங்கள் நிறைந்திருந்தன, கீழ்த்தளங்களில் சரக்கு குறைவு, அடியில் எண்ணெயும் குறைவு. பேலஸ்ட் தொட்டிகளின் அளவுமானிகளில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. ஏறிய வண்டிகளின் எடையும் உண்மையான எடை அல்ல, உத்தேசம். அதுவும் குறைத்துப் போட்ட உத்தேசம். சோலன்ட் நீரிணையில் ஒரு திருப்பம். திரும்பும்போது சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. கடைசியில் பிராம்பிள் என்ற மணல்திட்டில் தரைதட்டி நின்றது. அங்கே அந்தத் திட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று.

நான்கு வருடம் கழித்து, 2019 செப்டம்பர் 8 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிரன்ஸ்விக் துறைமுகத்தைவிட்டு வெளியே வந்த கோல்டன் ரே என்ற கார் கப்பல், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளோடு ஒரு திருப்பத்தில் கவிழ்ந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை. பேலஸ்ட் அளவுகள் கணினியில் தவறாக ஏறியிருந்தன என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அதோடு, மூடியிருக்க வேண்டிய நீர்புகாக் கதவுகள் திறந்து கிடந்தன. இன்ஜின் ரூம் பகுதியில் நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த நாள் கப்பலின் உடம்பில் துளைபோட்டு நாலு பேரையும் உயிரோடு வெளியே எடுத்தார்கள். இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் யாராலும் அந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. சாய்ந்த கப்பலில் தரை சுவராகும், ஏணி படுத்துவிடும், விளக்கு அணையும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, காருக்கு வருவோம். கார் கவிழ்வதும் இதே கணக்குதான். இடது வலது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைப் பாதியாக்கி, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழும் அபாயத்தை அளக்க இந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. தாழ்வான கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை, எஸ்யூவி, வேன் வகைக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் கூடினால் நல்லது. இப்போது 1,200 கிலோ வண்டி ஒன்றை எடுங்கள். சக்கர அகலம் 1.5 மீட்டர், எடை மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில். எண் 1.25. குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம் என்று மேலே கேரியரில் 50 கிலோ மூட்டை ஏற்றுகிறீர்கள். எடை மையம் சுமார் நாலரை சென்டிமீட்டர் ஏறிவிடும். எண் 1.16-க்கு இறங்கும். நீங்கள் வாங்கியது ஒரு வண்டி, ஓட்டுவது வேறு வண்டி. அதே மூட்டை டிக்கியின் தரையில், பின்சீட்டின் முதுகோடு ஒட்டி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மேலே ஏற்றியே ஆகவேண்டும் என்றால் தலையணை, போர்வை, துணிப்பை மட்டும் மேலே போகட்டும். அரிசி, தண்ணீர், பாத்திரம் கீழே.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆர்சி புத்தகத்தில் வெற்று எடை போட்டிருக்கும். வண்டியின் கையேட்டிலோ, கதவுத் தூண் அல்லது பானெட் பக்கத்திலுள்ள தகட்டிலோ மொத்த எடை வரம்பு இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மனிதர்களும் சாமானும் சேர்ந்து ஏறக்கூடிய அளவு. சின்ன ஐந்து சீட் வண்டிகளில் பெரும்பாலும் அது 400 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். நல்ல உடம்புக்காரர்கள் ஐந்து பேர் ஏறினாலே 350 போய்விட்டது. அதன்மேல் சிஎன்ஜி சிலிண்டர் தனியாக மாட்டியிருந்தால் அதன் எடையையும் கழித்துக்கொள்ளுங்கள். டயர் காற்றும் இதோடு சேர்ந்ததுதான். பங்க்சர் கடையில் எல்லா வண்டிக்கும் கேட்காமலே 35 அடித்துவிடுவார்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆள் குறைவுக்கு ஒரு அளவு, முழுச் சுமைக்கு ஒரு அளவு என்று போட்டிருக்கும். பின் டயருக்குப் பல வண்டிகளில் கூடுதலாக இருக்கும். குடும்பத்தோடு கிளம்பும் நாளில் அதைப் பார்த்து அடியுங்கள்.

மின்சாரக் கார்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த எடை விஷயத்தில்தான். அதே மாடலின் பெட்ரோல் வண்டியைவிட இருநூறு முந்நூறு கிலோ கூடுதல் இருக்கும், ஆனால் அந்தக் கனம் முழுக்கத் தரையில் படுத்திருக்கிறது. அடிபாரம் போட்ட தோணி. திருப்பத்தில் அந்த நிதானத்தை ஓட்டிப் பார்த்தால் உணரலாம். ஆனால் அதே வண்டிகளைக் கப்பலின் பத்தாவது தளத்தில் நிறுத்தினால், ஒவ்வொன்றின் கூடுதல் கிலோவும் தண்ணீருக்கு வெகு உயரத்தில் போய் உட்காரும். காருக்கு நல்லதாக இருக்கும் எடை கப்பலுக்குத் தலைவலி. வண்டிகளின் எடையை உத்தேசமாகப் போட்ட காலம் முடிய வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை கீழே இருக்க இருக்க நல்லது என்று நினைத்துக் கப்பலை ரொம்பக் கீழ்க்கனமாக்கினாலும் வம்புதான். அப்படிப்பட்ட கப்பல் சாய்ந்தால் வெடுக்கென்று நிமிரும். அந்த வெடுக்கில்தான் லேஷிங் பெல்ட் அறுகிறது, ஆட்கள் விழுந்து கை கால் முறிகிறது. மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும் கப்பலில்தான் நிம்மதியாகத் தூங்கலாம். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தி, கல்லு மாதிரி இறுக்கி வைத்துக்கொள்ளும் தம்பிகளிடம் இதைத்தான் சொல்வேன். நம் சாலையில் சக்கரம் தரையோடு ஒட்டியிருக்க வேண்டுமானால் சஸ்பென்ஷன் அசைந்து கொடுக்கவேண்டும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை.

அடுத்தது கட்டி வைப்பது. கப்பலில் கட்டாமல் ஒரு டப்பா பெயின்ட்கூட இருக்காது. ஒரு பெல்ட் அறுந்து ஒரு கார் நகர்ந்தால் அது பக்கத்துக் காரை இடிக்கும், அது அடுத்ததை. வீட்டுக் காரில் என்ன நடக்கிறது? பின்சீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன், பின் கண்ணாடிக்குக் கீழே குடையும் சாமி படமும், சீட்டுக்கு நடுவில் தேங்காய்ப் பை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருப்பதன் எடை ஏறக்குறைய இருபது மடங்காகும். 20 கிலோ கேன் 400 கிலோவாக முன்சீட்டில் இருப்பவரின் முதுகில் வந்து இறங்கும். பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவும் இந்தக் கணக்குக்கு விதிவிலக்கில்லை. பல கார்களின் டிக்கித் தரையில் நாலு மூலையிலும் சின்ன இரும்பு வளையங்கள் இருக்கும். பலர் அவற்றைக் கவனித்ததே இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண ராட்செட் பெல்ட் ஒன்று வாங்கி, கேனையும் பெட்டியையும் அந்த வளையங்களில் கட்டுங்கள். இறுக்கிய பிறகு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மத்தளம் மாதிரி விம்மவேண்டும். அரைமணி நேரம் ஓட்டிய பிறகு டீக்கு நிறுத்தும்போது மறுபடி ஒரு தட்டு. சாமான் அசைந்து அடங்கியதும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

திடப்பொருளையாவது கட்டலாம். தண்ணீரைக் கட்ட முடியாது. கப்பல்காரர்கள் அரைகுறையாக நிறைந்த தொட்டிக்குப் பயப்படுவார்கள். முழுத் தொட்டி அசையாது, காலித் தொட்டியில் எடை இல்லை. பாதித் தொட்டியில் கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜேப்ருக்கே துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல், பயணிகளையும் வண்டிகளையும் சேர்த்து ஏற்றுவது, முன்கதவு மூடப்படாமலே கடலுக்குள் போயிற்று. வண்டிகள் நிற்கும் திறந்த தளத்தில் தண்ணீர் புகுந்து ஒரு பக்கமாக ஓட, நிமிடக் கணக்கில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள்.

நம் ஊர்ச் சாலையில் இதே தண்ணீர் தினமும் ஓடுகிறது, லாரியில். பாதி காலியான தண்ணீர் லாரி பிரேக் போட்டால், உள்ளே பல டன் தண்ணீர் முன்னால் ஓடி வந்து முட்டும். திருப்பத்தில் அது வெளிப்பக்கம் ஏறும். டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. தண்ணீர் சிந்திக்கொண்டே போகும் லாரிக்கு முன்னால் குறுக்கே புகுந்து பிரேக் போடாதீர்கள். வளைவில் அதன் பக்கத்தில் போகாதீர்கள். ரவுண்டானாவில் அது போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இனி வெள்ளம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகு மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்த ஆரம்பித்தார்கள். சிலர் சிரித்தார்கள். அதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் இல்லை என்பது என் கருத்து. கார் என்பது அடிப்பக்கம் தட்டையான ஒரு பெட்டி. கப்பல் எப்படி மிதக்கிறதோ அப்படியே அதுவும் மிதக்கும்.

கப்பலில் ஒரு எண்ணை எப்போதும் கையில் வைத்திருப்போம்: ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ எத்தனை டன் ஏற்றவேண்டும். 200 மீட்டர் கார் கப்பலுக்கு அது சுமார் 50 டன். காருக்கும் அதே எண்ணைப் போடலாம். சக்கரக் குழிகளைக் கழித்தால், சின்னக் காரின் அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் வண்டியை 50 கிலோ தூக்கும். கப்பலுக்கு 50 டன், காருக்கு 50 கிலோ.

வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். எடை 1,000 கிலோ. தண்ணீர் 27 சென்டிமீட்டர் வந்தால், அதாவது அடிப்பாகத்தை 10 சென்டிமீட்டர் தாண்டினால், 500 கிலோவைத் தண்ணீர் சுமந்துகொள்கிறது. டயருக்கு மிச்சமிருப்பது பாதி எடை, பாதிப் பிடிப்பு. ஸ்டியரிங் இலேசாவது கையில் தெரியும். 37 சென்டிமீட்டரில் வண்டி மிதக்கிறது. நம் முழங்கால் அதைவிட உயரம். முன்னால் இன்ஜின் கனம் இருப்பதால் பின்பக்கம் முதலில் எழும்பும். ஓடுகிற தண்ணீராக இருந்தால் வாலைப் பிடித்துச் சுழற்றுவதுபோல வண்டியைத் திருப்பிவிடும். பெரிய எஸ்யூவிக்கும் ரொம்ப வித்தியாசம் இல்லை. 1,600 கிலோ எடை, 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் அரை மீட்டர் தண்ணீரில் அதுவும் மிதக்கும். கதவு ரப்பர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக மிதக்கும். தண்ணீர் உள்ளே புகுந்த பிறகு கனம் கூடி அமரும்தான். ஆனால் அதற்குள் எங்கே கொண்டுபோய் விடும் என்று யார் சொல்ல முடியும்?

அதனால் என் விதி இது. நிற்கும் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் நான் போகமாட்டேன். ஓடுகிற தண்ணீர் என்றால் தரைப்பாலத்தில் கணுக்கால் அளவே இருந்தாலும் போகமாட்டேன். முன்னால் பஸ் போகிறதே என்று பின்னாலேயே போவது மோசமான யோசனை. பஸ்ஸின் எடை பத்து டன்னுக்கு மேல், அதன் பின்னால் எழும் அலை உங்கள் கதவுக்குத்தான் வரும். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால், மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வெளியே தண்ணீர் ஏற ஏறக் கதவைத் தள்ளித் திறப்பது கஷ்டம். அணைந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை அழுத்த முடியாது. பிஸ்டன் ஏறிவந்து முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய செலவு இலட்சத்துக்குப் போகும். சாதாரண காப்பீட்டில் இந்த இன்ஜின் சேதத்தைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பதும் முக்கியம். 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் ஹோக் ஜியாமென் என்ற கார் கப்பல் தீப்பற்றியது. ஏற்றியிருந்தது பழைய வண்டிகள், இரண்டாயிரத்துக்கும் மேல். பேட்டரிகளைக் கழற்றி, முனைகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற விதி சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். கப்பலில் தீ என்றாலே மின்சாரக் காரைக் கைகாட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது நம் எல்லார் பானெட்டுக்குள்ளும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. 2023 ஜூலையில் நெதர்லாந்து அருகே ஃப்ரீமேன்டில் ஹைவே என்ற கார் கப்பல் எரிந்தபோது ஒரு இந்திய மாலுமி உயிரிழந்தார். உள்ளே ஏறக்குறைய 500 மின்சாரக் கார்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் தீ அணைந்த பிறகு, கீழ்த்தளங்களில் நின்ற மின்சாரக் கார்கள் பல சேதமில்லாமல் வெளியே வந்தன. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், அதை மறுக்கவில்லை. கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் காரை வீட்டு வாசலில் நிறுத்தாமல், திறந்தவெளியில் தள்ளி நிறுத்தி, சர்வீஸ் ஆட்களை வரவழைக்க வேண்டும். ஆனால் பழியை ஆராயாமல் போடக்கூடாது.

வெள்ளம் வடிந்ததும் வண்டியை இழுக்க ஆள் வருவார்கள். கயிற்றை எங்கே கட்டுவது என்று தெரியாமல் பம்பரிலும் சஸ்பென்ஷன் கம்பியிலும் கட்டி, இருந்ததையும் உடைத்துவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். முன் பம்பரில் சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் மரை போட்ட துளை. ஸ்டெப்னி பக்கத்தில் ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் கொடுத்திருப்பார்கள். அதை அந்தத் துளையில் கடைசிவரை திருகி, வீல் ஸ்பேனரை உள்ளே விட்டு இறுக்கவேண்டும். சில வண்டிகளில் மரை இடப்பக்கம் திருகுவதாக இருக்கும், வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் ஏறாது. இந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கியைத் திறந்து அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள், பாதி வண்டிகளில் அது தொலைந்துபோயிருக்கும்.